ஓடாத, ஆடாத பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமா? (மகள், 9 வயசு)

மண்டிக்கணக்கு, காவேரிப்பட்டணம்
ஆகஸ்ட் 17

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துல ஒரு மாங்காய் மண்டியில கணக்கு எழுதுறேன். சீசன் முடிஞ்சு இப்பத்தான் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரெண்டு மாசமா மனசுல கிடக்கிற ஒரு விஷயம், இங்க கேட்டுப் பாக்கலாம்னு எழுதுறேன்.

மூத்தவளுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறா. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இன்னிக்கு வரைக்கும் டைரியில மிஸ் எழுதி அனுப்பினது 11 தடவை. கணக்குக்காரன் புத்தி, எண்ணி வச்சிருக்கேன். அதுல 7 தடவை ஒரே வரி: "வகுப்பில் கவனம் இல்லை." ரெண்டு தடவை "ஹோம்வொர்க் நோட்டு கொண்டுவரவில்லை." நோட்டு பையிலதான் இருந்துச்சு, அதுதான் கூத்து. சமூக அறிவியல் நோட்டுக்குள்ள கணக்கு நோட்டைச் சொருகி வச்சிருக்கா. மீதி ரெண்டும் தண்ணி பாட்டில் தொலைச்சதுக்கு.

காலையில ஸ்கூல் ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கும். இவ ஒரு கால்ல செருப்பை மாட்டிட்டு, இன்னொரு செருப்பைக் கையில வச்சுக்கிட்டு, வாசப்படியில எறும்பு போறதைப் பாத்துக்கிட்டு நிப்பா. கடைக்கு அனுப்பினா, ரெண்டு சாமான் சொன்னா ஒண்ணு வரும். மூணு சொன்னா மீதிச் சில்லறைகூட வராது.

ஜூலையில நடந்த கணக்குப் பரீட்சையில கேள்வித்தாளோட பின்பக்கத்தை மொத்தமா விட்டுட்டா. ஏன்டான்னு கேட்டா, "பின்னாடி இருந்துச்சாப்பா?"ங்கிறா. அதே கணக்குகளை வீட்டுல என் முன்னாடி போடச் சொன்னேன். எட்டுல எட்டும் சரி.

இதுல எனக்குப் புரியாத இடம் ஒண்ணு இருக்கு. கோலம்னா உக்காந்துடுவா. 21 புள்ளி வச்சு, சிக்குக் கோலம், ஒன்றரை மணி நேரம் தலையைத் தூக்காமப் போடுவா. ஒரு கோடு தப்பாது. "அதுக்கு மட்டும் கவனம் வருதுல்ல? படிப்புன்னா கள்ளத்தனம்"னு என் மச்சான் சொல்றார். பதில் சொல்லத் தெரியலை.

கூப்பிட்டா சில நேரம் மூணு தடவைக்கு அப்புறம்தான் திரும்புவா. எங்கம்மா திருஷ்டின்னு சொல்லி எலுமிச்சம்பழம் சுத்தி முச்சந்தியில போட்டுட்டு வந்துட்டாங்க. நான் அதைவிடக் கேவலமா ஒண்ணு செஞ்சேன். போன வாரம் மூணாவது பாட்டில் தொலைஞ்சப்போ அடிச்சுட்டேன். அடி வாங்கிட்டு, "எதுக்குப்பா அடிச்சீங்க?"ன்னு கேட்டா. திமிருன்னு நினைச்சு இன்னொண்ணு வச்சேன். ராத்திரி படுத்து யோசிச்சப்பத்தான் உறைச்சுது. நான் திட்ட ஆரம்பிச்சதுக்கும் அடிச்சதுக்கும் நடுவுல அவ வேற எங்கயோ போயிட்டா. நிஜமாவே அவளுக்கு எதுக்குன்னு தெரியலை.

போன்ல ஏ.டி.எச்.டி. பத்தி வர்ற வீடியோ எல்லாத்துலயும் ஒரு பையன் சோபா மேல ஏறிக் குதிக்கிறான், ஜன்னல் கம்பியில தொங்குறான். இவ அப்படி இல்லை, வச்ச இடத்துல இருப்பா. எங்க வீட்டுல குதிக்கிறவன் சின்னவன், 5 வயசு. பாக்கிற சொந்தக்காரங்க எல்லாம் "இவனைக் காட்டுங்க"ன்னு அவனைத்தான் கை காட்டுறாங்க. அவன் மிஸ்ஸோ அவனைப் பத்தி ஒரு குறையும் சொன்னதில்லை.

நான் யாரைக் காட்டணும்? எங்க காட்டணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஒகேனக்கல்_மீன்குழம்பு
ஆகஸ்ட் 17

நாலாவது படிக்கிற புள்ள பாட்டில் தொலைக்கலைன்னாத்தாங்க அதிசயம். நாங்கல்லாம் சிலேட்டையே தொலைச்சுட்டு வீட்டுக்கு வந்தவங்க. எங்களுக்கு யாரும் பேர் வைக்கலை, முதுகுல ரெண்டு வச்சாங்க, சரியாப் போச்சு. இப்ப எல்லாத்துக்கும் நாலெழுத்துல ஒரு பேரு, அதுக்கு ஒரு மாத்திரை. செல்போனைப் புடுங்கி வைங்க, காலையில கேழ்வரகுக் கூழ் குடுங்க. போதும்.


ஜெராக்ஸ்_அக்கா, பாலக்கோடு
ஆகஸ்ட் 18

மீன்குழம்பு அண்ணா சொன்னதுல பாதி சரி. முதல்ல அந்தப் பாதியைச் சொல்லிடறேன்.

நான் பாலக்கோட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு பிஸ்கட் டின் இருக்கும். மெஷின் கண்ணாடி மேலயே ஒரிஜினலை விட்டுட்டுக் காப்பியை மட்டும் வாங்கிட்டுப் போறாங்க பாருங்க, அதெல்லாம் அந்த டின்னுக்குள்ள போகும். உங்க பதிவைப் படிச்சதும் எடுத்து எண்ணினேன். ஆதார் 6, ரேஷன் கார்டு 2, சாதிச் சான்றிதழ் 1, யாரோட பட்டாவோ 1, ஒரு கல்யாணப் பத்திரிகை (இதை எதுக்கு ஜெராக்ஸ் எடுத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை). இத்தனை பேருக்கும் ஏ.டி.எச்.டி.யா? இல்லவே இல்லை. அவசரம், பஸ் வந்துடுச்சு, போன் வந்துடுச்சு. மனுஷன்னா மறப்பான்.

ஆனா இன்னொருத்தர் இருக்கார். வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த டின்னைத் தேடி வருவார். வண்டிச் சாவியை விட்டுட்டுப் போவார், அதைத் தேடி வந்து ஹெல்மெட்டை விட்டுட்டுப் போவார். இதனால வேலை ஒண்ணு போச்சு, வீட்டுல நிதமும் சண்டை. பத்து வயசுலயிருந்தே இப்படித்தானாம். இவர் கதை வேற. மறதி எல்லாருக்கும் ஒண்ணுதான். எத்தனை தடவை, எத்தனை வருஷமா, எத்தனை இடத்துல, அதனால என்ன உடையுது, இதுலதான் வித்தியாசம் நிக்குது.

டாக்டருங்களும் அதைத்தான் பாக்கிறாங்க. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போடுற டி.எஸ்.எம்.னு ஒரு கையேடு, அதோட அஞ்சாவது பதிப்பு 2013-ல வந்துச்சு. அதுல கவனக்குறைவுக்கு 9 அடையாளம், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9 அடையாளம். ஏதாவது ஒரு பக்கத்துல 6 இருக்கணும். ஆறு மாசமாவது தொடர்ந்து இருக்கணும். 12 வயசுக்கு முன்னாடியே தலை காட்டியிருக்கணும். வீடு, பள்ளிக்கூடம்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும். அந்த வயசுப் பிள்ளைங்க சாதாரணமாச் செய்யிறதைவிட அதிகமா இருக்கணும், அதனால ஏதாவது கெட்டுப் போகணும். பாத்தீங்களா, "ஒரு பக்கத்துல"ன்னு இருக்கு. கவனக்குறைவுப் பக்கம் மட்டும் நிறைஞ்சு, துறுதுறுப்புப் பக்கம் காலியா இருந்தாலும் அது ஏ.டி.எச்.டி.தான். உங்க தலைப்புக் கேள்விக்குப் பதில் இதுதான் தம்பி.

உங்க பதிவைப் படிச்சுக்கிட்டே விரல் விட்டேன். கேள்வித்தாளைத் திருப்பாதது, நேராக் கூப்பிட்டும் காதுல விழாத மாதிரி நிக்கிறது, பொருளைத் தொலைக்கிறது, நோட்டுக்குள்ள நோட்டு, எறும்பு, கடைச் சாமான். ஆறு வந்துச்சு. ஆனா நான் எண்ணினதுக்கு மதிப்பு கிடையாது. இது "அடிக்கடி"யா, வயசுக்கு மீறினதான்னு அளக்கிறது படிச்சவங்க வேலை. நான் ஜெராக்ஸ் கடைக்காரி.

சின்னவனைப் பத்தி நீங்களே பதில் எழுதிட்டீங்க. வீட்டுல குதிக்கிறான், மிஸ்ஸுக்குக் குறை இல்லை, வயசு 5. அந்த வயசு குதிக்கிற வயசு. கண்ணு வச்சுக்கிட்டே இருங்க, போதும்.

இப்ப கோலம். இதைத்தான் எங்க வீட்டுலயும் கேட்டாங்க. என் பையன் பழைய மிக்சியைக் கழட்டி மாட்ட உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். நீங்க கே.ஆர்.பி. டேமுக்குக் கீழ இருக்கிற ஊர்க்காரர், உங்களுக்கு இப்படிச் சொன்னாப் புரியும். டேம்ல தண்ணி இல்லாமலா போச்சு? இருக்கு. மதகைத் திறக்கிற கை நம்ம பேச்சைக் கேக்கலை. பிடிச்ச வயலுக்குத் தானாத் திறந்து வெள்ளமாப் பாயும், பிடிக்காத வயலுக்குக் கெஞ்சினாலும் திறக்காது. மூளையில டோபமின், நார்அட்ரினலின்னு ரெண்டு ரசாயனம் இந்த வேலையில இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. உங்க மச்சான் கள்ளத்தனம்னு சொல்றாரே, கள்ளத்தனம் பண்றவளுக்குப் பின்பக்கம் இருக்குன்னு தெரிஞ்சிருக்கணுமில்ல?

எங்க கதையைச் சுருக்கமாச் சொல்றேன். (சுருக்கம் எனக்கு வராது, பொறுத்துக்குங்க.) பையனுக்கு 8 வயசு இருக்கிறப்போ பெங்களூர்ல இருக்கிற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். இருட்டோட பஸ் ஏறி, ராயக்கோட்டை வழியா ஓசூர், அங்கயிருந்து இன்னொரு பஸ். ஆஸ்பத்திரி அந்த ஓசூர் ரோட்டுலயேதான் இருக்கு. ரத்தம் குத்துவாங்க, தலையை ஸ்கேன் எடுப்பாங்கன்னு பையன் நடுங்கிக்கிட்டு வந்தான். ஒண்ணும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ரத்தம் எடுத்தா அது வேற கோளாறு இல்லைன்னு பாக்கிறதுக்கு. மத்தபடி கேள்வி, கேள்வி, கேள்வி. பையன் பிறந்ததிலிருந்து கேட்டாங்க. டீச்சர் நிரப்ப ஒரு ஃபார்ம் குடுத்தாங்க.

அன்னிக்கு மட்டும் நான் ஓ.பி. சீட்டை ரெண்டு தடவை தொலைச்சேன். ரெண்டாவது தடவை, கேண்டீன்ல டீ கிளாஸுக்கு அடியில கிடந்ததை பையனே போய் எடுத்துட்டு வந்தான். டாக்டர் அவனைப் பாக்கிறதை விட்டுட்டு என்னைப் பாத்தாங்க. "நீங்க ஸ்கூல் படிக்கிறப்போ எப்படிம்மா?"ன்னு கேட்டாங்க. அப்ப எனக்கு 37 வயசு. இதுல பரம்பரைப் பங்கு 70-லயிருந்து 80 சதவீதம் வரைக்கும் இருக்கும்னு இரட்டைப் பிள்ளைங்களை வச்சுப் பண்ணின ஆய்வுங்க சொல்லுதாம். அதுவரைக்கும் அஞ்சு வருஷமா, நான் வளர்த்த லட்சணம்தான் காரணம்னு மாமியார் வீட்டுல பழி. பரம்பரைன்னு சொன்னதும் பழி போகலை, காரணம் மட்டும் மாறுச்சு.

அவனுக்கு மெத்தில்பெனிடேட் குடுத்தாங்க. அண்ணா, "இப்ப எல்லாத்துக்கும் மாத்திரை"ன்னு சொன்னீங்களே, இந்த மருந்தை முதல்ல தயாரிச்சது 1944-ல. உங்களைவிடப் பெரியவரா இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமத் தரக்கூடாத, சட்டக் கட்டுப்பாட்டுல இருக்கிற மருந்து. அதனால பக்கத்து வீட்டுப் பையனோடதை வாங்கிக் குடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். புத்தியை வளர்க்கிற மருந்தும் இல்லை, தூங்க வைக்கிற மருந்தும் இல்லை. மதகுக் கை கொஞ்சம் பேச்சைக் கேக்கும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு விலையும் உண்டு. பசி போயிடும். மதியம் கட்டிக் குடுத்த சோறு அப்படியே திரும்பி வரும், ராத்திரி ஒம்போது மணிக்கு ரெண்டு உருண்டை களி கேப்பான். அவனுக்குத் தூக்கமும் தள்ளிப் போச்சு. போற தடவையெல்லாம் உயரமும் எடையும் பாத்து எழுதிக்குவாங்க. எல்லாப் பிள்ளைக்கும் மருந்துதான்னும் இல்லை. ஆறு வயசுக்குக் கீழ இருந்தா முதல்ல பெத்தவங்களுக்குத்தான் பயிற்சி. நான் எனக்கு மருந்து எடுத்துக்கலை. அலாரம் 14 வச்சிருக்கேன், டின் ஒண்ணு வச்சிருக்கேன்.

அப்புறம், இதுதான் முக்கியம், நடுவுல போய் எழுதுறேன். "மூணு தடவை கூப்பிட்டும் திரும்பலை"ன்னு எழுதியிருக்கீங்க. அதை ஏ.டி.எச்.டி.ன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. அடுத்த தடவை அப்படி நிக்கிறப்போ கூப்பிடாதீங்க, தோள்ல கை வைங்க. கனவு காண்ற பிள்ளை கை பட்டா திரும்பிடும். கை வச்சும் பத்து செகண்ட் போல அப்படியே வெறிச்சு நின்னு, கண் இமை துடிச்சு, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தொடர்ந்தா, அது வலிப்புல ஒரு வகையா இருக்கலாம். விழுந்து உதறாத வலிப்பு. பள்ளிப் பிள்ளைங்களுக்கு வரும், ஒரு நாளைக்குப் பல தடவைகூட. மூளையோட மின்னலையைப் பதிவு பண்ற இ.இ.ஜி. எடுத்தாத் தெரியும், நல்ல மருந்து இருக்கு. என் பையன் வகுப்புல ஒரு பொண்ணை ரெண்டு வருஷம் "கனவுக்காரி"ன்னே கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க, கடைசியில அதுதான்.

காதைப் பாருங்க, கண்ணைப் பாருங்க, ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டு குறட்டை விட்டுத் தூங்குறாளான்னு பாருங்க. ரத்தத்துல இரும்புச் சத்து, தைராய்டு. வகுப்புல யாராவது பயமுறுத்துறாங்களான்னும் கேளுங்க. பயந்த பிள்ளைக்கும் கவனம் நிக்காது.

கூழ் குடுங்க, உடம்புக்கு நல்லது. கூழுக்கு இது போகாது. இனிப்பு சாப்பிடுறதால வர்றதும் இல்லை, அதையும் ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க.


மண்டிக்கணக்கு
ஆகஸ்ட் 18

அக்கா, ரெண்டு தடவை படிச்சேன். எங்கம்மாவையும் பக்கத்துல உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். "தோள்ல கை வைன்னு சொல்றாங்க பாரு"ன்னு அவங்களே சொல்றாங்க. இன்னிக்கு நாலு தடவை வச்சுப் பாத்தாச்சு, நாலு தடவையும் திரும்பிட்டா. நாலாவது தடவை "சும்மா சும்மா எதுக்குப்பா தொடுறீங்க"ன்னு கோவம் வேற.


ஓய்வு_வாத்தியார், பென்னாகரம்
ஆகஸ்ட் 19

நடுநிலைப் பள்ளியில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் 40 பிள்ளைகள். ஒருவன் பெஞ்சு மேல் ஏறினால் அன்றே அவன் அப்பாவை வரச் சொல்லிவிடுவோம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே "சுமார்" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். சிலரை "மந்தம்" என்றே சொல்லியிருக்கிறேன், அவர்கள் காது கேட்க. பெண் குழந்தைகளிடம் இது தாமதமாகத் தெரியவருவதற்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம்.

மீன்குழம்பு ஐயா, பெயர் புதிதில்லை. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி உரைகள் நிகழ்த்தினார். 1980-இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பில், மிகைத் துறுதுறுப்பு உள்ளது, இல்லாதது என்று இரண்டாகவே பிரித்துப் போட்டிருந்தார்கள். ஏ.டி.எச்.டி. என்ற இப்போதைய பெயர் 1987-இல் வந்தது. ஆக, ஓடாத பிள்ளையை மருத்துவர்கள் 40 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். நமக்குத்தான் இன்னும் ஜன்னலில் தொங்குகிற பையன் மட்டும் கண்ணில் படுகிறான்.

மகள் வகுப்பிலேயே வயதில் சின்னவளா என்பதை ஒரு முறை பாருங்கள். ஒரே வகுப்பில் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். அதில் கடைக்குட்டிகளுக்கு இந்தப் பெயர் அதிகம் சூட்டப்படுகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பாவம், அவர்கள் சின்னப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

எங்கே காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதில் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. மேல் பரிசோதனைக்கு மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பகால இடையீட்டு மையம், 18 வயது வரை பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள். நேரில் போகும் முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் விசாரியுங்கள்.

வகுப்பாசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 11 முறை எழுதியவர் கவனித்திருக்கிறார் என்று அர்த்தம், என்னைப் போல "சுமார்" போட்டுவிட்டுப் போகவில்லை. முதல் வரிசையில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஹோம்வொர்க்கை வாயால் சொல்வதோடு கரும்பலகையிலும் எழுதச் சொல்லுங்கள். பரீட்சையில் அரை மணி கழித்து "எல்லாரும் தாளைத் திருப்பிப் பாருங்க" என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்தால் போதும். அவளைத் தனியாகக் காட்டிக் கொடுத்ததாகவும் ஆகாது.


ஏ_ஷிப்ட்_பொண்ணு, ஓசூர்
ஆகஸ்ட் 19

சார் சொன்ன அந்த "சுமார்" நான்தான். சொந்த ஊர் அரூர் பக்கம். இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன், வயசு 26. ரெண்டு வருஷம் முன்னாடிதான் தெரிஞ்சுது. பெரியவங்களுக்குன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 18 கேள்வி இருக்கு, அதுல ஆரம்பிச்சு அப்புறம் டாக்டர் பாத்தாங்க. 17 வயசு ஆயிட்டா 6-க்குப் பதிலா 5 அடையாளம் இருந்தாலே போதும்.

ஸ்கூல்ல நான் ஃபெயில் ஆனதே இல்லை. எப்படின்னு அப்பாவுக்குச் சொல்றேன், ஏன்னா உங்க பொண்ணும் பெரியவளானா இப்படி மறைச்சுக்குவா. பயத்துல படிச்சேன். மத்தவங்க ஒரு வாரம் படிக்கிறதை நான் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, வயித்தைப் புரட்டுற பயத்தோட, விடியற வரைக்கும் படிப்பேன். பயம் வந்தாத்தான் மூளை ஸ்டார்ட் ஆகும். மார்க் வந்துடும், யாருக்கும் தெரியாது. காலேஜுக்கு வந்ததும் அந்தப் பயமும் வேலை செய்யலை.

இப்பவும் கம்பெனி பஸ் 5.10-க்குன்னா நான் 4.30-க்கே ஸ்டாப்ல நிக்கிறேன். ரொம்பப் பொறுப்பான பொண்ணுன்னு டிரைவர் அண்ணன் நினைச்சுக்கிட்டிருக்கார். வீட்டுல இருந்தா அந்த 40 நிமிஷத்துல ஏதாவது ஒண்ணை ஆரம்பிச்சு பஸ்ஸை விட்டுடுவேன்.

அடிச்சதை நினைச்சு மருகாதீங்க. அவகிட்ட ஒரு தடவை, "நீ வேணும்னே செய்யலைன்னு அப்பாவுக்கு இப்பத் தெரியும்"னு மட்டும் சொல்லிடுங்க. எங்கப்பா இன்னும் சொல்லலை.


ஒகேனக்கல்_மீன்குழம்பு
ஆகஸ்ட் 19

சரிங்க, நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். ஆனா போனைப் புடுங்கச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.


மண்டிக்கணக்கு
செப்டம்பர் 14

இத்தனை பேர் எழுதினீங்க, என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா முறையில்லை.

கிருஷ்ணகிரிக்குக் கூட்டிட்டுப் போனேன், மூணு தடவை ஆச்சு. முதல் தடவை கண்ணையும் காதையும் பாத்தாங்க. காது நல்லாயிருக்கு. கண்ணுல வலது மைனஸ் 1, இடது மைனஸ் 1.5. பவர் இருக்கிறது எங்க யாருக்குமே தெரியாது, கோலம் கிட்டத்துல போடுறதால அதுல தப்பு வரலை போல. ரத்தத்துல ஹீமோகுளோபின் 9.8. இந்த வயசுக்கு 11.5 ஆவது இருக்கணுமாம். இரும்புச் சத்து டானிக் போயிட்டிருக்கு. தைராய்டு சரி. வகுப்புல சின்னவளான்னு வாத்தியார் ஐயா கேட்டிருந்தார், இல்லை, நடுவுல இருக்கா.

கண்ணாடி போட்டதும் கரும்பலகையிலிருந்து எழுதுறது பளிச்சுன்னு மாறிடுச்சு. "அவ்வளவுதான், கண்ணுதான் பிரச்சினை"ன்னு மச்சான் ஸ்வீட் வாங்கிட்டு வந்துட்டார். நாலாம் நாள் கண்ணாடியைப் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்தா. எட்டாம் நாள் கூடு மட்டும் வந்துச்சு.

அப்புறம் அந்த ஃபார்ம். மிஸ்ஸுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, வீட்டுக்காரிக்கு ஒண்ணு. மூணையும் வாங்கி ராத்திரி உக்காந்து கூட்டிப் பாத்தேன். மிஸ் போட்டது அதிகம், நான் போட்டது நடுவுல, வீட்டுக்காரி போட்டது ரொம்பக் கம்மி. ஒரே புள்ளைக்கு மூணு கணக்கு, டேலி ஆகவே இல்லை. எனக்கு இது பெரிய கவலையாப் போச்சு. டாக்டர் சிரிச்சாங்க. டேலி ஆகாதுன்னுதான் மூணு பேர்கிட்ட வாங்குறோம், ஒவ்வொருத்தரும் அவளை வேற வேற இடத்துல, வேற வேற வேலையில பாக்கிறீங்கன்னாங்க. வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன், ஏன் இவ்வளவு கம்மியாப் போட்டேன்னு. பாட்டிலுக்கு ஞாபகப்படுத்துறதும், செருப்பை மாட்டி விடுறதும், பையைப் பிரிச்சு அடுக்குறதும் அவதான். அவ எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சுடுறதால புள்ளை தப்பு பண்ண வாய்ப்பே இல்லை. இது இத்தனை வருஷமா என் கணக்குல வராத செலவு.

இப்போதைக்குப் பேர் வைக்கலை. கண்ணாடி, டானிக், முன்வரிசை, இதெல்லாம் ரெண்டு மூணு மாசம் போகட்டும், காலாண்டுப் பேப்பரோட வாங்க, கவனக்குறைவு வகைதான்னு நினைக்கிறேன், ஆனா இரும்புச் சத்து ஏறினப்புறம் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க. மருந்துப் பேச்சும் அதுக்கப்புறம்தான். அதுவரைக்கும் ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லணும், கண்ணைப் பாத்துச் சொல்லணும், 10 நிமிஷம் படிச்சா எழுந்து ஒரு சுத்து சுத்திட்டு வர விடணும். சின்னவனை வாசல்லயே பாத்துட்டு, நல்லாயிருக்கான் போன்னுட்டாங்க.

ஓசூர் பாப்பா சொன்ன வார்த்தையை அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டேன். அவ "சரிப்பா"ன்னுட்டு, காக்காவுக்கு முட்டி முன்னாடி மடங்குமா பின்னாடி மடங்குமான்னு கேட்டா.

ஒரு விஷயம் நானே கண்டுபிடிச்சேன். கடைக்கு அனுப்புறப்போ அவ உள்ளங்கையில பேனாவால புள்ளி வச்சு விடுறேன். மூணு சாமானுக்கு மூணு புள்ளி. வாங்கின சாமானுக்குக் கோடு இழுத்துக்குவா, கோலம் மாதிரி. போன ஞாயித்துக்கிழமை உப்பு, தீப்பெட்டி, கடலைப் பருப்பு மூணும் வந்துச்சு. சில்லறை வரலை.


ஜெராக்ஸ்_அக்கா, பாலக்கோடு
செப்டம்பர் 14

நாலாவது புள்ளி வைங்க தம்பி.